மஞ்சளாகிப்போன வெள்ளை விரிப்புகளை மீட்க முடியுமா?

கேள்வி
எழுதியவர்: ரத வீதி மாடிவீடு

வணக்கம். ராமேஸ்வரத்தில் கோயிலின் மேற்கு ரத வீதிக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. மாடியில் உள்ள இரண்டு அறைகளை யாத்திரை வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அறைக்கு நான்கு கட்டில்கள். விரிப்பு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வெள்ளை விரிப்பில் அழுக்கை மறைக்க முடியாது. வருகிறவருக்கு அதுவே நம்பிக்கை.

என்னிடம் பதினான்கு விரிப்புகள் உள்ளன. எட்டு கரூரில் வாங்கிய பருத்தி. மற்ற ஆறு பிறகு வேறு கடையில் விலை குறைவாகக் கிடைத்தவை. முதல் ஒரு வருடம் எல்லாமே பளிச்சென்று இருந்தன. இப்போது முழுவதும் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். நடுவில் குறுக்காக ஒரு தவிட்டு நிறக் கோடு. தலையணை உறைகளில் தலைக்கு எண்ணெய் வைத்த இடம் மஞ்சள் வட்டமாக நிற்கிறது.

சலவைத்தூளை இரண்டு மடங்கு போட்டேன். பிளீச் திரவத்தை அரை மூடியிலிருந்து இரண்டு மூடியாக உயர்த்தினேன். ஒவ்வொரு முறையும் மஞ்சள் கூடியதே தவிரக் குறையவில்லை. அதை மறைக்கச் சொட்டு நீலத்தை நாலு சொட்டிலிருந்து பத்துச் சொட்டாக்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சாம்பல் நிறம் வந்தது.

போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுக் களைத்து வந்தவர், கட்டிலைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பையிலிருந்து துவைத்த நூல் புடவை ஒன்றை எடுத்து என் விரிப்பின் மேல் விரித்துப் படுத்துக்கொண்டார். அந்த விரிப்பை முந்தின நாள்தான் வெந்நீரில் துவைத்திருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிதாக வாங்குவது பெரிய செலவு. வாங்கினாலும் இதே கதிதானே? ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
எழுதியவர்: பாம்பன் காற்று

சகோதரி, பிளீச் மட்டும் போதாது. பிளீச் கலந்த வாளியிலேயே நாலு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டு, இரவு முழுவதும் மூடி வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் வேகம் அதிகம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பதில் 2
எழுதியவர்: வெள்ளாவி வீட்டுப் பெண்

முதலில் மேலே உள்ள பதிலுக்கு. அண்ணா, நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். பிளீச்சில் எலுமிச்சை, வினிகர், புளி என்று எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். மூடி வைத்த வாளியைக் காலையில் குனிந்து திறக்கிறவரின் மூச்சுக்குழாயில் அது நேராக இறங்கும். கழிவறை கழுவும் அமிலமும் அதே ஆபத்துதான். பிளீச்சை எதனோடும் கலக்காதீர்கள்.

இப்போது அக்காவுக்கு. ராமநாதபுரத்தில் என் தாத்தாவும் அப்பாவும் சலவைத் தொழில் செய்தவர்கள். நான் பதினோரு வருடமாக ஒரு மருத்துவமனையின் துணிப் பிரிவில் இருக்கிறேன். நாள் முழுக்க என் கையில் வெள்ளைத் துணிதான். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தப் பாட்டியின் புடவையை விட உங்கள் பத்துச் சொட்டு நீலம்தான் எனக்கு வலித்தது. துணி இன்னும் செத்துவிடவில்லை என்று நினைக்கிறேன்.

என் தாத்தா வெள்ளாவி வைப்பார். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அடுப்பேற்றிய பெரிய பானையின் மேல் சுற்றிச் சுற்றி அடுக்குவார். அதிக அழுக்குள்ளது அடியில் போகும். இரவு முழுவதும் ஆவி ஏறும். விடிந்ததும் ஊருணிக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பார். உவர்மண்ணில் இருப்பது ஏறக்குறைய இன்றைய சலவைச் சோடாதான். அழுக்கை இறக்கியது அந்தச் சோடாவும் சூடும். ஆனால் வெள்ளையைக் காப்பாற்றியது ஊருணி. அதில் நின்றது மழைத் தண்ணீர். வீட்டுப் பின்புறம் கிணறு இருந்தும் தாத்தா அதில் ஒரு கைக்குட்டையைக்கூட அலச மாட்டார். "கிணத்துத் தண்ணி வெள்ளையைத் தின்னும்" என்பார். சிறுவயதில் அதைக் கிழவனாரின் பிடிவாதம் என்று நினைத்தேன். மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பேச்சின் அருமை புரிந்தது.

அதனால் என் முதல் கேள்வி துணியைப் பற்றியது அல்ல. எந்தத் தண்ணீரில் துவைக்கிறீர்கள்? முதல் வருடம் நன்றாக இருந்து பிறகு கெட்டது என்றால், நடுவில் தண்ணீர் மாறியதா? மூன்று சோதனைகளைச் செய்து பார்த்து எழுதுங்கள்.

ஒரு வெள்ளை வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மூடாமல் இரவு முழுவதும் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் காலையில் மஞ்சளித்து, அடியில் தவிட்டு நிறத்தில் படிந்திருந்தால் அது இரும்பு. அடுத்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் அரைவாசி அதே தண்ணீரை ஊற்றி, குளிக்கும் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழாமல் தயிர்போலத் திரிந்தால் சுண்ணமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீர். கடைசியாக, மங்கிய விரிப்பு ஒன்றைச் சலவைத்தூள் எதுவும் போடாமல் நல்ல வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கினால், நீங்கள் இரண்டு மடங்கு போட்ட தூள் இன்னும் துணியிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. கொடி எதில் கட்டியிருக்கிறீர்கள்? நடுவில் குறுக்காக வரும் கோடு எனக்குக் கம்பியைத்தான் நினைவூட்டுகிறது.

பதில் 3
எழுதியவர்: கீழக்கரை உம்மா வீடு

நீலத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், சகோதரி. எங்கள் வீட்டில் வெளியே போகவும் தொழவும் உடுத்தும் துப்பட்டி வெள்ளை. என் உம்மா அதற்கு நீலம் போடும் விதமே தனி. முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, அதை மெல்லிய துணியில் வடிகட்டி, பிறகுதான் பெரிய அண்டாவில் கலப்பார். உள்ளங்கையில் அந்தத் தண்ணீரை அள்ளிப் பார்ப்பார். கையில் நிறம் தெரியக் கூடாது, அண்டாவில் மட்டும் வானத்தின் சாயல் தெரிய வேண்டும். அந்த அளவுதான். துப்பட்டியை ஒரே முக்கு, உடனே எடுத்து உதறிவிடுவார்.

நீலம் அழுக்கை எடுக்காது. லேசான மஞ்சளை நம் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும், அவ்வளவே. மஞ்சள் மிகுந்த துணியில் நீலத்தை ஏற்றினால் சாம்பல்தான் வரும். உம்மா எப்போதும் துணி முழுதும் வெளுத்த பிறகுதான் நீலப் புட்டியைத் தொடுவார்.

உலர்த்துவதைப் பற்றியும் ஒன்று. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாங்கள் கடலைப் பார்த்த பக்கம் துணி போடுவதில்லை. காலையில் காய்ந்த துணி மாலையில் மீண்டும் பிசுபிசுக்கும். காற்றோடு வரும் உப்பு துணியில் படிந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. வீட்டின் மறைவில், வெயில் விழும் பக்கமாகப் போட்டு, நண்பகலுக்குள் எடுத்து மடித்துவிடுங்கள்.

பதில் 4
எழுதியவர்: ரத வீதி மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. வாளியைக் காலையில் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. அடியில் விரல் வைத்தால் ஒட்டும் அளவுக்குச் செந்தவிட்டுப் படிவு. புட்டியில் சோப்பு திரிந்து மேலே ஏடாக நின்றது. ஊற வைத்த விரிப்பின் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர்போல ஆனது. தூள் போடாமலேயே நுரையும் வந்தது.

தண்ணீர் மாறியது உண்மைதான். முன்பு பன்னிரண்டு அடி உறைக்கிணற்றில் துவைத்தோம். அறைகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன் 90 அடிக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம். உள்ளே இறக்கியது இரும்புக் குழாய். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். துணிக்குத்தானே என்று விட்டுவிட்டேன். உறைக்கிணறு மேலே பலகை போட்டு மூடிக் கிடக்கிறது.

கொடியும் இரும்புக் கம்பிதான். ஏணி போட்டு ஏறிக் கையால் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை முழுதும் துரு. இவ்வளவு நாள் என் கையாலேயே அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறேன்.

பதில் 5
எழுதியவர்: வெள்ளாவி வீட்டுப் பெண்

அக்கா, மூன்றும் சேர்ந்தே இருக்கிறது. உங்கள் துணி ஏன் மஞ்சளானது என்றால், தண்ணீரில் கரைந்திருந்த இரும்பை நீங்கள் ஊற்றிய பிளீச் துருவாக்கி நூலுக்குள்ளேயே பதித்துவிட்டது. பிளீச் கூடக் கூட மஞ்சளும் கூடியது அதனால்தான். கடினநீரில் சலவைத்தூளின் பாதி வேலை சுண்ணத்தோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். மீதி அழுக்கைக் கிளப்பும், ஆனால் தாங்கிப் பிடிக்க முடியாமல் அதே துணியில் திரும்பப் படிய விடும். சாம்பல் நிறத்தில் பாதி அது, பாதி நீலம்.

இனி மீட்பது. இதற்கு மூன்று நாள் வேண்டும், அவசரப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர்: குழாயில் வரும் குடிநீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ, உங்கள் பழைய உறைக்கிணற்றுத் தண்ணீரோ. பிளீச் புட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். துணியில் மிச்சமிருக்கும் பிளீச் போக முதலில் இரண்டு தண்ணீர் அலசுங்கள். கொதிக்கும் தண்ணீரும் சாதாரணத் தண்ணீரும் பாதிப் பாதி கலந்தால் ஏறக்குறைய 60 டிகிரி வரும். அந்தச் சூடு போதும். ஒரு முறைக்கு ஐந்து விரிப்பு, 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எண்ணெயும் பழைய தூளும் இறங்க வேண்டும். 100 கிராம் சலவைச் சோடா, வழக்கமான தூள் ஒரு கரண்டி. தண்ணீர் ஆறும் வரை ஊறட்டும், இடையிடையே கும்மிவிடுங்கள். வரும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிறகு நுரை முழுதும் போகும் வரை அலசுங்கள். தலையணை உறையின் மஞ்சள் வட்டத்தில் மட்டும் சோடாவைக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் விட்டுப் போடுங்கள். அது பழைய எண்ணெய், லேசில் போகாது.

இரண்டாம் நாள் இரும்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், சிட்ரிக் அமிலம்தான். 20 லிட்டர் சூடான தண்ணீரில் 200 கிராம், ஒரு மணி நேரம். சுண்ணமும் இதிலேயே கரையும். நன்றாக அலசாமல் இதைக் காய விடாதீர்கள், புளிப்பு தங்கினால் பருத்தி நூல் நைந்துபோகும். கம்பிக் கோட்டுக்கு இன்னொரு முறை தேவைப்படலாம். ஆக்சாலிக் அமிலம் இதைவிடச் சீக்கிரம் துருவை எடுக்கும், ஆனால் அது விஷம். யாத்திரிகர்களின் குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதை வைக்காதீர்கள்.

மூன்றாம் நாள்தான் வெளுப்பு. சோடியம் பெர்கார்பனேட் என்ற வெளுப்புத் தூள் 200 கிராம், அதே 60 டிகிரித் தண்ணீர், ஆறு மணி நேரம். தண்ணீரில் கரைந்ததும் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். குளோரின் கிடையாது. ஆனால் பச்சைத் தண்ணீரில் போட்டால் சோம்பிக் கிடக்கும், சூடு வேண்டும். எவர்சில்வர் அண்டாவோ பிளாஸ்டிக் வாளியோ போதும். அலுமினியம், பித்தளை, இரும்பு வேண்டவே வேண்டாம். இறுக்கி மூடாதீர்கள், ஆக்சிஜன் வெளியே போக வழி வேண்டும். பட்டு, கம்பளி பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொல்கிறேன். இரண்டாம் நாள் வேலையைச் செய்யாமல் மூன்றாம் நாளுக்குப் போகாதீர்கள். துணியில் துரு இருக்கும்போது பெராக்சைடு பட்டால், அந்தத் துரு உள்ள இடத்தில் மட்டும் அது வெறிகொண்டு வேலை செய்து நூலை அரித்துவிடும்.

விலை குறைந்த ஆறு விரிப்புகளின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள். காகிதம்போல எரிந்து சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியாக உருண்டு நின்றால் பாலியஸ்டர் கலந்தது. அது எண்ணெயை விடாது. அதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

பதில் 6
எழுதியவர்: தங்கச்சிமடம் தென்னந்தோப்பு

உறைக்கிணற்றை மூடிவிட்டீர்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அம்மா. நம் தீவு மணல் தீவு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே நிற்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல. தனுஷ்கோடியில் கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுவது இதனால்தான். எங்கள் ஊர் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது, தண்ணீர் கரிக்காது.

கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் தாங்கும் என்பது கணக்கு. திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆழமாகத் துளைத்து மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டினால் ஆடையைத் துளைத்து உப்பைத்தான் உறிஞ்சுவோம். பலகையை எடுங்கள், கிணற்றைத் தூர் வாருங்கள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக இறையுங்கள். போர்த் தண்ணீர் கழிவறைக்கும் தரை கழுவவும் போகட்டும். மாடியில் பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குழாய் போட்டு அந்தக் கிணற்றுக்கே விடுங்கள். துணி அலச அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

பதில் 7
எழுதியவர்: ரத வீதி மாடிவீடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிணற்றில் தூர் வாரினோம். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. முதல் இரண்டு நாள் கலங்கல், பிறகு தெளிந்துவிட்டது. வாளிச் சோதனையை மறுபடி செய்தேன். காலையில் அடியில் மணல் நாலு பொடி கிடந்தது, அவ்வளவுதான். புட்டியில் சோப்பு நுரைத்தது. அந்த நுரையைப் பார்த்து நானும் என் மகளும் கைகொட்டிச் சிரித்தோம்.

முதல் நாள் சோடாத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. வாரத்துக்கு மூன்று முறை துவைத்த துணியிலிருந்து! இரண்டாம் நாள் எலுமிச்சை உப்பில் போட்டதும் மஞ்சள் கண் முன்னால் இறங்கியது. மூன்றாம் நாள் மாலை அண்டாவிலிருந்து முதல் விரிப்பை எடுத்து உதறியபோது என் கணவர், "புதுசு எப்ப வாங்கினே?" என்றார்.

கரூர் விரிப்புகள் எட்டில் ஐந்து முழுதாக வெளுத்துவிட்டன. இரண்டில் கம்பிக் கோடு மெல்லிய நிழலாக நிற்கிறது, இன்னொரு முறை போடப்போகிறேன். ஒன்றை இழந்தேன். அறைக்கு ஆள் வருகிறார்கள் என்ற அவசரத்தில் வெள்ளாவி வீட்டுத் தங்கை சொன்னதை மீறி, எலுமிச்சை உப்பில் போடாமல் நேராகப் பெர்கார்பனேட்டில் போட்டேன். வெள்ளையாகத்தான் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கோடு இருந்த இடம் நெடுக ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். எழுதி வைத்தது எழுத்துக்கு எழுத்து நடந்தது. மன்னித்துவிடுங்கள், தங்கச்சி.

விலை குறைந்த ஆறும் நூலைத் தீயில் காட்டியதும் உருண்டு நின்றன. சாம்பல் கொஞ்சம் குறைந்தது, வெள்ளை வரவில்லை. அவற்றை மெத்தைக்கு அடியுறையாகத் தைத்துவிட்டேன்.

நீலம், கீழக்கரைச் சகோதரி சொன்ன அளவுதான்: உள்ளங்கையில் நிறம் தெரியாத தண்ணீரில் ஒரே முக்கு. கம்பியை அவிழ்த்தெறிந்துவிட்டு, மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் கடையில் நைலான் கயிறு வாங்கி, மாடியில் மேற்குச் சுவரின் மறைவில் கட்டியிருக்கிறேன். பதினொரு மணிக்கெல்லாம் காய்ந்துவிடுகிறது. எடுத்து முகத்தில் வைத்தால் வெயில் வாசம்.

வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். ஒரு விரிப்பு குறைகிறது, கரூருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். தலையணை உறை நான்கு இன்னும் எலுமிச்சை உப்பில் கிடக்கின்றன. மணி ஆகிவிட்டது, போய் அலச வேண்டும்.